ஜன்னல் எந்தத் திசையைப் பார்க்கிறது?
பயணப் பக்கம் – வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இமயமலைப் பயணத்தைப் பற்றியவை. எந்த ஊருக்குப் போவது என்பதைவிட எங்கே தங்குவது என்பதில்தான் பலருக்கும் குழப்பம் இருக்கிறது. ஒரே பொருளைப் பற்றியவை என்பதால் அவற்றை ஒன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: சென்ற ஆண்டு ஒரு மலைவாசத்தலத்தில் "மலைக் காட்சி அறை" என்று கூடுதல் பணம் கட்டி இரண்டு நாள் தங்கினோம். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து விடுதியின் பின்சுவர்தான் தெரிந்தது. வரும் அக்டோபரில் மாமனார், மாமியாருடன் எட்டு நாள் உத்தராகண்ட் செல்ல இருக்கிறோம். இம்முறையும் ஏமாறாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்? – கும்பகோணம் வாசகி

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு நேர்ந்தது நினைவுக்கு வந்தது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மலையூரில், விடியற்காலை நான்கரை மணிக்கே எழுந்து, ரஜாயைப் போர்த்திக்கொண்டு, திரைச்சீலையை விலக்கிவிட்டு நாற்காலியில் காத்திருந்தேன். வெளிச்சம் வர வர எதிரே தெரிந்தது பூச்சு வேலை முடியாத செங்கல் சுவரும், அதன்மேல் வரிசையாக வைத்திருந்த மூன்று கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகளும்தான். மொட்டை மாடிக்கு ஏறி, இடது ஓரமாக நின்று பார்த்தால் பனிமலை தெரிந்தது. பிறகு விளம்பரத்தை எடுத்து மறுபடியும் படித்தேன். "பனிமலைக் காட்சியுள்ள விடுதி" என்றுதான் அதில் இருந்ததே தவிர, அறையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

நம் பக்கத்தில் வீடு பார்க்கப் போகிறவர்கள் வாசல் எந்தத் திசை என்று கேட்காமல் முன்பணம் கொடுப்பதில்லை. மலையில் அறை எடுக்கும்போதும் அதே கேள்வியை ஜன்னலைக் குறித்துக் கேட்க வேண்டும். உத்தராகண்டின் குமாவுன் பகுதியில் நாம் தங்கும் ஊர்களில் பல பனிமலைத் தொடருக்குத் தெற்கே, தாழ்ந்த முகடுகளின்மேல் அமைந்திருக்கின்றன. 7,816 மீட்டர் உயரமுள்ள நந்தாதேவியும் 7,120 மீட்டர் உயரமுள்ள திரிசூலும் அங்கிருந்து வடக்கிலும் வடகிழக்கிலும் தெரிகின்றன. ஆகவே வடக்குப் பார்த்த ஜன்னல் வேண்டும். அந்த அறையில் வெயில் குறைவாகவும் குளிர் அதிகமாகவும் இருக்கும் என்பதையும் சேர்த்தே ஏற்றுக்கொள்ள வேண்டும். தெற்குப் பார்த்த அறையில் வெயில் இதமாக இருக்கும், ஆனால் பள்ளத்தாக்குதான் தெரியும். ஊரைப் பொறுத்தும் இது மாறும். நைனிதால் ஏரியைச் சுற்றி மலைகள் கிண்ணம்போல் சூழ்ந்திருப்பதால், ஏரிக்கரை விடுதிகளிலிருந்து பனிமலையை எதிர்பார்க்கவே கூடாது. முன்சியாரியில் பஞ்சசூலி சிகரங்கள் கிழக்குப் பக்கமாக நிற்கின்றன.

திசை உறுதியான பிறகு விடுதியைத் தொலைபேசியில் அழைத்து, இடைத்தரகர் மூலமாக அல்லாமல் நேராகவே பேசுங்கள். கட்டிலில் படுத்தபடியே மலை தெரியுமா அல்லது பால்கனிக்குப் போனால்தான் தெரியுமா, அந்தப் பால்கனி உங்கள் அறைக்கு மட்டும் உரியதா அல்லது எல்லோரும் நடமாடும் வராந்தாவா, எதிரே புதிய கட்டடம் எதுவும் எழும்புகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அறை எண்ணைக் கேட்டு வாங்கி, அந்த அறையின் ஜன்னலிலிருந்து அன்று காலை கைப்பேசியில் எடுத்த காணொளியை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். நல்ல காட்சி உள்ளவர்கள் மகிழ்ச்சியோடு அனுப்புவார்கள். சாக்குச் சொல்கிறவர்களிடம் முன்பணம் கட்ட வேண்டாம். விடுதியின் இணையதளத்தில் உள்ள படங்களில் மலை கூரைமேல் வந்து உட்கார்ந்ததுபோல் இருக்கும். தொலைவைச் சுருக்கிக் காட்டும் லென்ஸின் வேலை அது. தங்கிச் சென்றவர்கள் கைப்பேசியில் எடுத்துப் பதிவேற்றிய படங்களே உங்களுக்குச் சரியான அளவுகோல்.

இன்னொன்றும் உண்டு, இதைத்தான் நான் எல்லாவற்றிலும் முக்கியமாகக் கருதுகிறேன். எத்தனை ஊர்களில் தங்குகிறோம் என்பதை விட்டுவிட்டு, ஒரே இடத்தில் எத்தனை காலைப் பொழுதுகள் கிடைக்கின்றன என்று கணக்கிடுங்கள். வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்கின் ஈரக்காற்று மலைச்சரிவில் மேலேறி மேகமாகிவிடுவதால், பல நாட்களில் ஒன்பது பத்து மணிக்குள் சிகரங்கள் மறைந்துவிடுகின்றன. மாலை மூன்று மணிக்கு வந்து இறங்கி மறுநாள் எட்டு மணிக்குக் கிளம்புகிறவர்களுக்கு ஒரே ஒரு காலைதான் வாய்க்கிறது. அன்றைக்கு மூடுபனியாக இருந்தால் அதுவும் போயிற்று. "எட்டு நாளில் ஆறு ஊர்" என்று அச்சிட்டுத் தரும் பயணத் திட்டங்களை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. உங்களுக்குக் கௌசானியில் மூன்று இரவும், போகிற வழியிலோ திரும்புகிற வழியிலோ முக்தேஷ்வரில் இரண்டு இரவும் போதும். கௌசானி ஏறத்தாழ 1,890 மீட்டர் உயரத்தில், அதாவது நம் கொடைக்கானலைவிடச் சற்றுத் தாழ்வாகவே இருப்பதால் மாமனார், மாமியாருக்கு மூச்சுத் தொந்தரவு வரும் என்று அஞ்ச வேண்டியதில்லை. காந்தியடிகள் 1929-இல் அங்கே தங்கி, கீதைக்கு எழுதிய "அனாசக்தி யோகம்" என்னும் விளக்கத்தை நிறைவு செய்தார். அவர் தங்கிய இடம் இன்று அனாசக்தி ஆசிரமமாக இருக்கிறது. பனித்தொடருக்கு நேர் எதிரே, விருந்தினருக்கு எளிய அறைகளும் அங்கே உண்டு. அக்டோபரில் துர்கா பூஜை விடுமுறைக்கு வங்காளத்திலிருந்து பெருங்கூட்டம் வரும் என்பதால் இப்போதே முன்பதிவு செய்துவிடுங்கள்.

கேள்வி: அக்டோபர், நவம்பர்தான் இமயமலைக்கு ஏற்ற காலம் என்கிறார்கள். எங்களுக்கு அது சம்பா நடவும் களையெடுப்பும் நடக்கிற காலம். அத்தோடு அடைமழையும் சேர்ந்துகொள்ளும். பிள்ளைகளோ மே மாதம் போகலாம் என்கிறார்கள். விவசாயிக்கு ஏற்ற மாதம் எது? – நன்னிலம் வாசகர்

பதில்: சம்பா அறுவடை முடிந்து, வயலில் தெளித்த உளுந்தும் பயறும் தானாக வளர்ந்துகொண்டிருக்கும் மாசி, பங்குனி மாதங்கள் உங்களுக்கு வாய்ப்பான காலம். பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் கடைசிவரை என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் அளவுக்கு வானம் நாள்தோறும் தெளிவாக இருக்காது என்பது உண்மைதான். மேற்கிலிருந்து வரும் மழைக்காற்று இடையிடையே இரண்டொரு நாள் மழையோ பனியோ கொட்டிவிட்டுப் போகும். ஆனால் அந்த மழை விட்ட மறுநாள் காலையில் வானம் கழுவி விட்டதுபோல் இருக்கும். புதிய பனி படிந்த சிகரங்கள் அப்போது தெரிவதுபோல் வேறு எப்போதும் தெரிவதில்லை. ஒரே இடத்தில் மூன்று இரவாவது தங்குங்கள் என்று மேலே சொன்னது மார்ச் மாதத்துக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும். காடெங்கும் புராம்ச மரங்கள் செக்கச் செவேலென்று பூத்திருக்கும் காலமும் அதுதான். உத்தராகண்டின் மாநில மரம் அது. அந்தப் பூவில் செய்யும் சர்பத்தை வழியோரக் கடைகளிலேயே வாங்கிக் குடிக்கலாம்.

மே மாதத்தை நான் பரிந்துரைக்காததற்குக் காரணம் கூட்டம் மட்டுமன்று. சமவெளியிலிருந்து எழும் புழுதியும் வெப்பப் புகைமூட்டமும், சீர் பைன் காடுகளில் பற்றும் தீயின் புகையும் சேர்ந்து, பல நாட்களில் பத்துக் கிலோமீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாமல் செய்துவிடும். பனிமலை பார்க்க இவ்வளவு தொலைவு போய்விட்டு, சாம்பல் நிற வானத்தைப் பார்த்துத் திரும்பியவர்களை நான் அறிவேன்.

வரைபடத்தில் திருவாரூரிலிருந்து நேர் வடக்கே ஒரு கோடு இழுத்தால் அது கௌசானிக்கு மிக அருகில் போய்ச் சேரும். இரண்டு ஊர்களும் ஏறத்தாழ ஒரே தீர்க்கரேகையில் இருக்கின்றன. எனவே பங்குனி முதல் வாரத்தில், பகலும் இரவும் சமமாக இருக்கும் நாட்களில், உங்கள் வயலில் விடியும் நேரத்திலேயே அங்கும் விடியும். இரவில் ஐந்தாறு டிகிரிக்குக் குளிர் இறங்கக்கூடும் என்பதால் அறையில் ஹீட்டரும் கீசரும் வேலை செய்கின்றனவா என்பதை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: பெற்றோருக்குப் பத்ரிநாத் சேவிக்க வேண்டும், எங்கள் குழந்தைகளுக்கு இயற்கைக் காட்சி பார்க்க வேண்டும். இரண்டையும் சேர்த்து எங்கே தங்கலாம்? – சீர்காழி வாசகர்

பதில்: உங்கள் ஊருக்கு அருகே, திருக்குறையலூரில் பிறந்த திருமங்கையாழ்வார் மங்களாசாசனம் செய்த திருத்தலம் அல்லவா அது! இரண்டையும் தனித்தனியாகப் பிரிக்க வேண்டியதே இல்லை. பத்ரிநாத்துக்கு வருகிற பலரும் பகலில் வந்து தரிசனம் முடித்து, அன்றே ஜோஷிமட்டுக்கோ பீப்பல்கோட்டிக்கோ இறங்கிவிடுகிறார்கள். கோயிலுக்குப் பின்னால், மேற்கே, ஏறத்தாழ 6,600 மீட்டர் உயரத்துக்கு நீலகண்ட சிகரம் கூர்மையாக நிற்கிறது. கிழக்கில் உதிக்கும் கதிர் முதலில் அதன் உச்சியில்தான் விழும். அலகநந்தா இன்னும் இருட்டில் ஓடிக்கொண்டிருக்க, தப்தகுண்டத்தில் நீராடிவிட்டு வெளியே வருகிறவர்களின் தலைக்குமேல் அந்த முனை மட்டும் பொன்னிறமாகச் சுடர்வதைப் பார்க்க வேண்டுமானால், பத்ரிநாத்திலேயே ஓர் இரவு தங்கியாக வேண்டும்.

ஆனால் அது 3,100 மீட்டருக்குமேல் உள்ள ஊர். கடல் மட்டத்தை ஒட்டி வாழ்கிற நமக்கு உடம்பு பழக வேண்டும் என்பதால், முதல் இரவைப் பீப்பல்கோட்டி போன்ற தாழ்வான ஊரிலும் அடுத்த இரவை ஜோஷிமட் அருகிலும் கழித்துவிட்டு மேலேறுங்கள். இதய நோயோ ஆஸ்துமாவோ இருந்தால் கிளம்புமுன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஜோஷிமட்டில் 2023 ஜனவரியில் நிலம் அமிழ்ந்து நூற்றுக்கணக்கான வீடுகளில் விரிசல் கண்டது. ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்த இரண்டு விடுதிகளை இடிக்க வேண்டியிருந்தது. எனவே அங்கே தங்குமிடத்தைக் குறைந்த வாடகைக்காக மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள். திரும்பி வரும்போது பௌரிக்கு அருகிலுள்ள கிர்சூவில் இரண்டு இரவு தங்குங்கள். தேவதாரு மரங்களும் ஆப்பிள் தோட்டங்களும் சூழ்ந்த, சந்தடியில்லாத சிற்றூர் அது. பனித்தொடர் நீளமாகத் தெரியும், குழந்தைகள் ஓடி விளையாட இடமும் இருக்கிறது.

கேள்வி: ஆற்றின் சலசலப்பு அறைக்குள் கேட்க வேண்டும் என்பது என் மனைவியின் ஆசை. நதிக்கரையில் கூடாரமும் மரவீடும் கிடைக்கின்றன. எதைத் தேர்ந்தெடுக்கலாம்? – நாகப்பட்டினம் வாசகர்

பதில்: இந்த ஆசையை நான் நன்றாகவே புரிந்துகொள்கிறேன், படித்துறையில் உட்கார்ந்து வளர்ந்தவர்கள் நாம். ஆனால் உங்களிடம் வெளிப்படையாகச் சொல்கிறேன்: இமயமலையில் ஆற்றோடு ஒட்டிய தங்குமிடம் வேண்டாம்.

காவிரியில் தண்ணீர் வருவது நமக்கு முன்கூட்டியே தெரியும். ஜூன் 12-இல் மேட்டூரில் திறக்கும் தண்ணீர் கல்லணைக்கு வந்து சேரவே மூன்று நான்கு நாள் ஆகிறது. கடைமடையான உங்கள் பகுதிக்கு இன்னும் தாமதம். வெள்ளம் என்றாலும் தண்டோராவும் எச்சரிக்கையும் கேட்டு மேட்டுக்குப் போக நேரம் இருக்கும். மலை ஆற்றில் அந்த அவகாசம் நிமிடக் கணக்கில்தான். 2013 ஜூனில் கேதார்நாத்தில் நடந்ததை நாடறியும். 2023 ஜூலையில் பியாஸ் நதி குலு, மணாலி பகுதியில் கரையோரக் கட்டடங்களை இழுத்துச் சென்றது. அதே ஆண்டு அக்டோபர் 4-ஆம் தேதி சிக்கிமின் தெற்கு லோனாக் பனியேரி உடைந்து, தீஸ்தா நதி நள்ளிரவில் பெருக்கெடுத்தது. 2025 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கங்கோத்ரி செல்லும் வழியில் உள்ள தராலியில், கீர் காட் என்னும் ஓடை அடித்துவந்த சேறும் பாறையும் விடுதிகளையும் வீடுகளையும் மூடிவிட்டன. தராலியில் மூடிப்போனவற்றில் பல, ஓடை முன்பு கொண்டுவந்து பரப்பிய மண்மேல், அழகான காட்சியை முன்னிறுத்திக் கட்டப்பட்டவை.

நம் ஊர்களில் பழைய குடியிருப்பு நத்தம் மேட்டில் இருக்கும். பள்ளத்தில் மனை போட்டு விற்றதெல்லாம் பிற்காலத்து வேலை. மலையிலும் அப்படியே. பழைய கோயிலும் பழைய கல்வீடுகளும் எந்த மட்டத்தில் இருக்கின்றன என்று பாருங்கள். அந்த மட்டத்திலோ அதற்கு மேலோ உள்ள வீட்டில் தங்குங்கள். இரவு அடங்கிய பிறகு ஆற்றின் ஓசை அங்கும் வந்து சேரும். மலைச்சுவர்களில் மோதி மேலேறி வரும் அந்த ஓசை, கரையில் நின்று கேட்பதைவிட மென்மையாக இருக்கும். உங்கள் மனைவிக்கு அது நிச்சயம் பிடிக்கும்.

கேள்வி: சோறில்லாமல் எங்களால் இருக்க முடியாது. என்ன செய்வது? – பட்டுக்கோட்டை வாசகி

பதில்: சோறு எங்கும் கிடைக்கும். 2,000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் திறந்த பாத்திரத்தில் அரிசி வேக அதிக நேரமாகும். குக்கரில் வடித்துத் தரச் சொல்லுங்கள். குமாவுன் வீடுகளில் "கஹத்" என்று பரிமாறுவது நம் கொள்ளு, "மண்டுவா" என்பது கேழ்வரகு, "ஜங்கோரா" என்பது குதிரைவாலி. பெயர்தான் புதிது. காபிப் பொடியும் ஃபில்டரும் மட்டும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

கேள்வி: சிக்கிமின் பெல்லிங், ஹிமாசலத்தின் கல்பா – இரண்டில் எது அழகு? – மன்னார்குடி வாசகர்

பதில்: பெல்லிங் காலைக்கு, கல்பா மாலைக்கு என்று சொல்வேன். பெல்லிங்கில் 8,586 மீட்டர் உயரமுள்ள கஞ்சன்ஜங்கா வடக்கே நிற்க, உதயத்தின் ஒளி பக்கவாட்டில் விழுந்து பனியை முதலில் சிவப்பாகவும் பிறகு மஞ்சளாகவும் மாற்றும். அங்கே நம்மூரைவிட முன்னதாகவே விடிந்துவிடும் என்பதால் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். கல்பாவில் கின்னர் கைலாசம் சட்லெஜ் பள்ளத்தாக்கின் எதிர்க்கரையில் இருப்பதால், காலையில் சூரியன் அதன் பின்னாலிருந்து எழும். அப்போது மலை நிழலுருவமாகத்தான் தெரியும். சாயங்காலம்தான் அதன் முகத்தில் நேராக வெளிச்சம் விழுகிறது. கல்பா ஏறத்தாழ 2,960 மீட்டர் உயரம். சிம்லாவிலிருந்து ஒரு முழுநாள் மலைப்பயணம். பக்தோக்ரா விமான நிலையத்திலிருந்து பெல்லிங்குக்கு ஐந்தாறு மணி நேரம். ஒரு வாரம் மட்டுமே கைவசம் உள்ளவருக்குப் பெல்லிங் ஏற்றது. பத்து நாள் இருந்தால் நான் கல்பாவுக்குத்தான் போவேன்.

கேள்வி: அம்மாவுக்கு வயது 72, முழங்கால் வலி. நட்சத்திர விடுதி, அரசு விருந்தினர் இல்லம், ஹோம்ஸ்டே – இவற்றில் எது சரியாக இருக்கும்? – தஞ்சாவூர் வாசகர்

பதில்: வகையைப் பார்க்காமல் படிகளை எண்ணுங்கள். சமதளத்தில் வாழும் நமக்குத் தோன்றாத ஒன்று மலைக் கட்டடங்களில் உண்டு: சாலை மட்டத்தில் இருக்கும் வரவேற்பறையே மேல்தளமாக இருக்கும், அறைகள் அதற்குக் கீழே சரிவில் இறங்கிக்கொண்டே போகும். "கீழ்த்தள அறை" என்று நீங்கள் கேட்டு வாங்கினால், அம்மா ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் நாற்பது படி ஏற வேண்டியிருக்கும். கார் நிற்கும் இடத்திலிருந்து கட்டில்வரை எத்தனை படி, கட்டிலிலிருந்து சாப்பாட்டுக் கூடம்வரை எத்தனை படி என்று எண்ணிக்கையாகவே கேளுங்கள்.

ஹோம்ஸ்டேயில் அன்பும் வீட்டுச் சாப்பாடும் கிடைக்கும். ஆனால் சில வீடுகளில் குளியலறை முற்றத்துக்கு அப்பால் இருக்கும், வெந்நீர் வாளியில்தான் வரும். குளிர்ந்த இரவில் அது அம்மாவுக்குச் சிரமம். அறையோடு சேர்ந்த குளியலறையும் மேற்கத்தியக் கழிப்பறையும் உள்ள வீடாக இருந்தால் தாராளமாகத் தேர்ந்தெடுக்கலாம். உத்தராகண்டில் குமாவுன், கர்வால் மண்டல் விகாஸ் நிகம்கள் என்னும் அரசு நிறுவனங்களும், ஹிமாசலத்தில் அம்மாநிலச் சுற்றுலா வளர்ச்சிக் கழகமும் நடத்தும் இல்லங்கள், பிற விடுதிகள் வருவதற்கு முன்பே நல்ல இடங்களைப் பிடித்துக்கொண்டவை. திரைச்சீலை பழசாக இருக்கும், தேநீர் வர நேரமாகும், ஆனால் எதிரே மறைப்பு இருப்பது அரிது. உங்கள் அம்மாவுக்காக நான் முதலில் அங்கேதான் விசாரிப்பேன். 2,500 மீட்டருக்குக் கீழேயுள்ள ஊராகவே பாருங்கள். மலையில் 80 கிலோமீட்டர் போக மூன்று மணி நேரத்துக்குமேல் ஆகும். அதனால் ஒரு நாளில் நான்கு மணி நேரத்துக்குமேல் காரில் உட்கார வைக்காதீர்கள்.

அறைக்குள் போனதும் கட்டிலை ஜன்னலோரமாக நகர்த்திப் போடச் சொல்லுங்கள். நான் தங்கிய எந்த ஊரிலும் அதற்கு யாரும் மறுத்ததில்லை. விடியற்காலையில் அம்மா எழுந்து நடக்கக்கூட வேண்டாம்; தலையணையைச் சற்று உயர்த்தி வைத்தால் போதும்.